படி காய்ந்திருந்தது

மகளே,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். சிப்பை இழுத்து மூடுவதும், எதையோ மறந்தவள் போலத் திரும்பத் திறப்பதும் இங்கே குசினி மேசைவரை கேட்கிறது. ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இன்னும் மூன்று கிழமையில் நீ கனடாவுக்குப் போகிறாய். மனிட்டோபா என்ற மாகாணத்தில், மைனஸ் முப்பது என்பதை நாங்கள் மழை என்று சொல்வது போலச் சொல்கிற ஓர் இடத்தில், பனிக்கால வீதிகளைப் பார்த்துக்கொள்ளும் குழு ஒன்றுக்குப் பொறுப்பாகப் போகிறாய். நீ போவதற்கு முன்னால் உன் பேரில் கிடக்கிற ஒரு பிழையை நான் எடுத்துப் போட வேண்டும். அது என்னுடைய பிழை.

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், வேலைக்குப் போகிற நேரம், நீ லொறிப் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். பார்க்காமல் ஏறினாய் என்று வேலையிடத்துக் கோப்பில் எழுதினார்கள். எங்கள் சனமும் அப்படித்தான் சொன்னது. கடைசியில் நீயே அதை நம்பிவிட்டாய். அது உண்மையில்லை என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் உன்னிடம் சொல்லிவிட்டேன். ஆனால் உன்னைப் பற்றிப் பிழையாகப் பேசியவர்களுக்கு முன்னால் தலையாட்டி நின்றவளும் நான்தான். ஆகவே அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் இதை எழுதுகிறேன். எங்கள் மாதா கோயில் வெளியிடும் மலரில் போடலாமா என்று நேற்று உன்னிடம் கேட்டேன்.

"சீரியஸா, அம்மா?"

"ஓம்."

"சரி, போடுங்கோ. என்ர பேரைப் போடாதேங்கோ. பிறகு லொறி ஓட்டப் பழக்கச் சொல்லிச் சனம் வீட்டுக்கு வந்திடும்."

உன் பேரையும் போடவில்லை, என் பேரையும் போடவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது யார் வீட்டுக் கதை என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

இங்கே, எங்கள் பிளாக்டவுனுக்குப் பக்கத்துப் பரமட்டாவில், உனக்கு நல்ல வேலை இருந்தது. குளிரூட்டிய அலுவலகம், யன்னலால் ஆறு தெரிகிற மேசை, ரயிலில் கால் மணித்தியாலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாக, "அம்மா, வேலை மாறுறன். மலைப்பக்கம். ஐஸ் பிடிக்கிற ரோட்டுகளுக்கு மண் தூவுற வேலை" என்றாய். அப்பா கையில் எடுத்த கவளத்தைத் திரும்பக் கோப்பையில் வைத்துவிட்டார். "இந்த நாட்டிலை ரோட்டிலை ஐஸ் எங்க கிடக்கு? பிளாக்டவுனிலை வெயிலுக்குத் தார் உருகுது" என்றார். "அது பிளாக்டவுன், அப்பா. ஆறு மணித்தியாலம் தெற்காலை ஓடிப் பாருங்கோ" என்றாய் நீ. நான் உன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். உள்ளே மட்டும், படிப்பித்த பிள்ளை ரோட்டுக்கு மண் கொட்டப் போகிறாளே என்று மனம் குறுகியது. அதையும் இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். நீ லொறி ஓட்டுவது மட்டுமல்ல, எந்த வளைவில் எந்த மணிக்கு எதைப் போடுவது என்று தீர்மானிப்பதும் உன் வேலைதான் என்று விளங்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் எடுத்தது.

அந்த முதல் குளிர்காலத்தில் நாங்கள் உன்னைப் பார்க்க வந்ததை அப்பா இன்றைக்கும் எல்லாக் கொண்டாட்டத்திலும் சொல்வார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. மலையடிவாரத்தில் கொஞ்சம் டீசல் அடித்துக்கொண்டு வாருங்கள், அங்கே விற்பது குளிருக்கென்று செய்த டீசல் என்று நீ ரெலிபோனில் சொல்லியிருந்தாய். "டீசல் எங்க அடிச்சாலும் டீசல்தான்" என்று அவர் பிளாக்டவுனிலேயே எங்கள் வான் வண்டியின் தாங்கியை வாய்மட்டும் நிரப்பிவிட்டார். அடுத்த நாள் காலமை வான் இருமியது, செத்துப்போனது. டீசல் குளிரில் மெழுகு மாதிரித் தடித்துவிட்டது. அப்பா வானின் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நின்றார். நான் சொன்னேனே என்று நீ ஒரு சொல் சொல்லவில்லை. "முதல் தரம் வாற எல்லாருக்கும் நடக்கிறதுதான், அப்பா" என்று சொல்லிவிட்டு, தெரிந்த கராஜ்காரரைக் கூப்பிட்டாய். உன் வாயில் அந்தப் பொறுமையைக் கேட்டபோதுதான் நீ வளர்ந்துவிட்டாய் என்று எனக்குப் பட்டது.

நீ மலைக்குப் போன நாளிலிருந்து நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். காலமைச் செபம் முடிந்ததும் உன் ஊரின் வெப்பநிலையைப் பார்த்து எழுதுவேன். பக்கத்தில் நீ அனுப்பும் ஒற்றைச் சொல். 'சேஃப்.' பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் ஒரு விஷயத்தைத் தினமும் எழுதிக்கொண்டு வந்தால் அது என்னோடு கதைக்கத் தொடங்கிவிடும். மைனஸ் இரண்டு என்றால் உனக்கு அதிக வேலை, மைனஸ் பத்து என்றால் வேறு மாதிரி வேலை என்று நானாகவே கண்டுபிடித்து, ஏன் என்று உன்னிடம் கேட்டேன். நீ விடுமுறைக்கு வந்திருந்த நேரம். மூன்று பீங்கானில் மூன்று ஐஸ் கட்டிகளை வைத்தாய். ஒன்றின் மேல் உப்பு, ஒன்றின் மேல் ரவை, ஒன்றைச் சும்மா விட்டாய். உப்புப் போட்டது கரைந்து ஓடியது. ரவை போட்டது அப்படியே கிடந்தது, ஆனால் விரலை வைத்தால் வழுக்கவில்லை.

"அப்ப உப்புத்தானே நல்லது?" என்றேன்.

"எங்க எண்டதைப் பொறுத்தது, அம்மா. கொஞ்சக் குளிருக்கு உப்பு உருக்கும். குளிர் கூடிப்போனால் உப்பும் சும்மா கல்லு மாதிரிக் கிடக்கும், அங்க மண்தான். எங்கட மலையிலை உப்பை அள்ளிக் கொட்டேலாது. உருகி ஓடையிலை போனால் அங்க இருக்கிற சின்னச் சீவன்களுக்குக் கூடாது."

பிறகு நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஜப்பானில் பனி கொட்டுகிற ஒரு கரையோரத்தில் நிலத்தடி நீர் இளஞ்சூடாக இருக்குமாம். வீதி நடுவில் குழாய் பதித்து அந்தத் தண்ணீரைப் பீச்சியே பனியைக் கரைப்பார்களாம். வடக்கு ஐரோப்பாவில் சில இடங்களில் பனியை முழுதாக வழிக்காமல் இறுக்கிவிட்டு, மேலே உடைத்த கல்லைத் தூவி, வசந்தம் வந்ததும் கூட்டி அள்ளுவார்களாம். கனடாவில் சில ஊரில் உப்போடு பீற்றூட் வகைக் கிழங்கின் சாற்றைக் கலந்து விசிறுவார்களாம். இங்கேயே பாரேன், மலைத்தொடர் ஒன்றுதான், மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு சக்கரமும் இழுக்கிற வாகனத்துக்கு ரயர்ச் சங்கிலி கட்டாயமில்லை. மெல்பேர்ண்காரர்கள் ஏறுகிற அந்தப் பக்கத்து மலைகளில் எந்த வாகனமென்றாலும் சங்கிலி கொண்டுபோக வேண்டும். நீ ஒரு பருவம் அந்தப் பக்கமும் வேலை செய்தாய். போய் இரண்டு கிழமை ஒரு யோசனையும் சொல்லாமல், அங்கே இருபது வருடம் ஓட்டிய கிழவர் ஒருவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்ததாகச் சொன்னாய். கொப்பியில் அதற்குக் கீழே கோடு போட்டு வைத்தேன்.

இவ்வளவையும் எழுதிப் படித்தவள்தான் அந்தக் காரியத்தையும் செய்தேன்.

ஆடி மாதம், இங்கே அதுதான் நடுக்குளிர். உனக்குச் சமைத்துத் தர ஒரு கிழமை வந்து நின்றேன். அவசர அழைப்பு உன் முறை என்பதால் மண் தூவும் லொறி உன் வாடகை வீட்டு வாசலிலேயே நின்றது. முதல் நாள், நீ போகிற அதே வளைவில் வேறொருவருடைய லொறி சறுக்கிப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. நீ அதைச் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் அன்றிரவு கண் மூடவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்கு நீ வெளியே போனாய். நான் குசினி யன்னலடியில் செபமாலையோடு இருந்தேன். கையில் பிடித்த ரோச் வெளிச்சத்தில் லொறியைச் சுற்றி வந்தாய். விளக்கு, ரயர், சங்கிலி, மண் தூவும் தட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் படிவத்தில் சரி போட்டாய். கடைசியாக ஓட்டுநர் பக்கத்துப் படி. அங்கே குனிந்து, கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களால் இரண்டு படியையும் தடவினாய். அதற்குப் பிறகுதான் சரி போட்டாய். இதை நான் என் கண்ணால் கண்டேன்.

நீ உள்ளே வந்து, சப்பாத்துக் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி விட்டு, வேலையை மேற்பார்க்கிற போர்மனோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தாய். பத்து நிமிடம் இருக்கும். நான் சேலைக்கு மேல் உன் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவால் போனேன். கையில் கோயிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தல். நீ கண்டால் சிரிப்பாய் என்பதால்தான் ஒளித்துப் போனேன். எங்கள் வெயில் ஊரான மன்னாரில் வள்ளத்துக்கும் லொறிக்கும் பயணத்துக்கு முன் தீர்த்தம் தெளிப்போம். கர்த்தர் கற்பித்த செபம் சொல்லி முடிக்க முன்னம் காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் முகப்பில் தெளித்தேன், ரயர்களில் தெளித்தேன். மிச்சத்தை உன் கால் முதலில் படுகிற இடத்தில், அந்தப் படியில், ஊற்றினேன். மைனஸ் ஆறு என்று அன்று காலமை என் கையாலேயே எழுதிவிட்டுத்தான் போனேன். மைனஸ் ஆறில் இரும்பின் மேல் விட்ட தண்ணீர் என்ன ஆகும் என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் சரியாகப் பதில் சொல்லியிருப்பேன். அந்த நேரம் நான் அதைத் தண்ணீர் என்றே நினைக்கவில்லை, பிள்ளை.

"போட்டு வாறன், அம்மா" என்றாய். நான் வாசலில் நின்று சிலுவை போட்டேன். நீ கால் வைத்தாய். விழுந்த சத்தம் இப்போதும் எனக்குள் இருக்கிறது. ஓடி வந்த என்னைப் பார்த்து, "அம்மா, ஓடாதேங்கோ, நீங்களும் விழுந்திடுவியள்" என்று கீழே கிடந்தபடி நீ கத்தினாய். உன்னைத் தூக்கக் குனிந்தபோது தடுமாறிப் படியைப் பிடித்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது.

போர்மன் வந்தார். நல்ல மனுஷன். முதலில் உன் கையைப் பார்த்தார், பிறகு படிக்கு ரோச் அடித்தார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. படம் எடுத்தார். படிவத்தைப் பார்த்தார். 'படிகள்: பனி இல்லை' என்று உன் கையெழுத்து. "நீ உண்மையிலேயே பார்த்தாயா?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றாய். பிறகு படியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பார்த்ததாகத்தான் நினைக்கிறேன்" என்றாய். வெறும் போத்தல் என் ஜாக்கெட் பைக்குள் இருந்தது. எனக்கு ஆங்கிலம் போதாது, அதனால்தான் சொல்லவில்லை என்று பிறகு எனக்கே நான் கதை சொல்லிக்கொண்டேன். ஹோலி வாட்டர். இரண்டே சொல். கோயிலில் ஒவ்வொரு கிழமையும் கேட்கிற சொல்.

பார்க்காமல் சரி போட்டதாக எழுதினார்கள். அடுத்த மாதம் உனக்குக் கிடைக்க இருந்த குழுப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. மாவுக்கட்டோடு அந்தக் குளிர்காலம் முழுக்க ரெலிபோன் எடுக்கிற மேசையில் இருந்தாய். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் ரோல்ஸ் தின்றுகொண்டு நிற்கையில் ரோசி அன்ரி கேட்டா: "என்ன, பெட்டை போனைப் பார்த்துக்கொண்டு ஏறினதாம்? இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எங்க கவனம்?" நான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "ஓம், கொஞ்சம் கவனமில்லைத்தான்" என்றேன். ரோசி அன்ரி, இதை வாசிக்கிறீர்கள் என்றால், நான் அன்றைக்குச் சொன்னது பொய். பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னேன், பொறாமையைச் சொன்னேன், இறைச்சி விலக்குகிற நாளில் சுத்தபோசனம் தவறியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது பாவமில்லை, விபத்து என்று வைத்துக்கொண்டேன். தீர்த்தத்தால் பிள்ளை விழுந்தாள் என்று சொன்னால் ஆண்டவருக்கே கெட்ட பேர் என்றும் ஒரு சாட்டு வைத்திருந்தேன். ஆண்டவருடைய பேரை நான் காப்பாற்றத் தேவையில்லை. உன்னுடையதைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கை பொருந்திவிட்டது. நீ திரும்ப லொறியில் ஏறினாய். இரண்டு வருடத்தில் அந்தப் பொறுப்பும் உன்னிடமே வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். பெரியம்மா மகளின் கலியாணத்துக்குப் போன நாள்வரை. மெல்பேர்ண் பக்கம், கிளென் வேவர்லியில் கலியாணம். இருட்டோடு பிளாக்டவுனில் இருந்து புறப்பட்டு இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு, வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று தெரியவில்லை, திரும்பிப் போக வேண்டும் என்று காரை ஓரத்தில் நிறுத்தினாய்.

"நான் கண்டனான் நீ பூட்டினதை! திறப்பை இழுத்ததையும் கண்டனான்!" என்று அப்பா கத்தினார்.

"எனக்கும் பூட்டினது மாதிரித்தான் இருக்கு, அப்பா. ஆனா ஒருக்கா நான் பார்த்தனான் எண்டு நினைச்சது பிழைச்சுப் போச்சு. அதுக்குப் பிறகு எனக்கு என்னை நம்பேலாது."

நான் பின் இருக்கையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தோம், கதவு பூட்டித்தான் இருந்தது. கலியாணப் பூசையும் முடிந்துதான் போய்ச் சேர்ந்தோம். உன் மணிக்கட்டை மட்டும்தான் நான் உடைத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

பிறகு இந்தக் கனடா வேலைக்கு நேர்முகம் வந்தது. கணினிக்கு முன்னால், மேலே நல்ல சேட் போட்டு, கீழே வீட்டுக் காற்சட்டையோடு, நீ அந்த அறையில் இருந்து பேசினாய். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். வேலையில் நீ செய்த பெரிய பிழை என்ன என்று கேட்டார்கள். நீ ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. ஒருமுறை படியைச் சரியாகப் பார்க்காமலே சரி போட்டேன், விழுந்தேன், அதிலிருந்துதான் பார்க்கப் பழகினேன் என்றாய். எவ்வளவு நேர்மையாகச் சொன்னாய்! நேர்மையாகச் சொன்ன அந்தக் கதை முழுக்கப் பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவள் நான். கருவேப்பிலைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் நீ புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், குழாயடியில் முதுகைக் காட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நீ அறிக்கை எழுதுகிறவள் மாதிரிக் கேட்கத் தொடங்கினாய்.

"எந்தப் பக்கம்?"

"ஓட்டுற பக்கம்."

"கீழ்ப் படியோ, மேல் படியோ?"

"கீழ்ப் படி."

"எவ்வளவு தண்ணி?"

"போத்தலிலை அரைவாசி."

"நான் செக் பண்ணினதுக்கு முன்னமோ, பிறகோ?"

"பிறகு. நீ கையுறையைக் கழட்டித் தடவிப் பார்த்தனீ. நான் யன்னலாலை கண்டனான்."

"நான் தடவினனானோ?"

"ஓம்."

"வெறுங்கையாலை?"

"வெறுங்கையாலை, பிள்ளை. ரெண்டு படியையும். காய்ஞ்சுதான் இருந்தது. இல்லாட்டி உன்ர விரல் ஒட்டியிருக்கும்."

ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து வைத்தபோது அழாத பிள்ளை, புட்டுக் கோப்பைக்கு முன்னால் அழுதாய். பிறகு எழுந்து, "மூண்டு வருஷம், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அப்பா உன் பக்கம் நின்றார். சரியாகத்தான் நின்றார். மூன்றாம் நாள் நீயாகவே குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாய்.

"தீர்த்தத்துக்கு உப்புப் போட்டுத்தானே மந்திரிக்கிறவை எண்டு சொன்னனீங்கள்? உங்கட சுவாமி போடேல்லையோ?"

"அது முந்தி. இப்பத்தைச் சுவாமிமார் பெரும்பாலும் போடுறேல்லை."

"போட்டிருந்தாலும் ஒரு கிள்ளு மைனஸ் ஆறுக்குக் காணாது" என்றாய். உன் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "மனிட்டோபாவின்ர வடக்கிலை என்ன செய்யிறவை தெரியுமோ? உறைஞ்ச ஏரியிலை இன்னும் தண்ணி ஊத்தி ஊத்தி உறைய வைச்சு, தடிப்பாக்கி, அதுக்கு மேலை லொறி விடுறவை. அதுதான் அங்கத்தை ரோட்டு. உங்களை அங்க வேலைக்கு எடுப்பினம்." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி அதிகமில்லை. போகிற இடத்தில், எங்கட பக்கத்தில் இப்படித்தான் என்று எதையும் தொடங்காதே. எல்லைக்கு அந்தப் பக்கம் போனபோது முதலில் பார்த்துக்கொண்டு இருந்தவள் நீ, மன்னார்ப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுவந்தவள் நான். வேலையில் பிழை விட்டால் அன்றைக்கே சொல். முதல் நாள் இரண்டு சொல்லில் முடிவது, மூன்று வருடம் கழித்து இவ்வளவு பக்கம் பிடிக்கிறது, பார். உன் குழுவில் ஒருவர் விழுந்தால், படிவத்தையும் படியையும் மட்டும் பார்க்காதே. வாசலில் வேறு யார் நின்றார்கள் என்றும் கேள். பூசைக்குப் போ. போக முடியாத ஞாயிறுகளில் லொறிக்குள் இருந்தாவது ஒரு செபம் சொல். ஆண்டவர் குளிருக்குப் பயந்தவர் இல்லை.

நடந்ததை நாங்கள் எழுதி அனுப்பிய தாள் உன் மலை வேலையிடத்துக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போர்மன் என்னோடு பேச வேண்டும் என்று ரெலிபோன் எடுத்தார். ஐஸையும் கையெழுத்தையும் கண்டவுடன் முடிவெடுத்துவிட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டார். கோப்பில் திருத்திவிட்டார். கனடாக்காரர் இரண்டே வரி எழுதினார்: எங்கள் ஊரில் தண்ணீர் உறையப் பத்து நிமிடம் தேவையில்லை, ஒரு நிமிடம் போதும், சொன்ன திகதிக்கு வந்து சேரவும். ஆனால் என் நெஞ்சு நிமிர்ந்து நிற்பது அந்தப் பதில்களுக்காக இல்லை. தாளில் கையெழுத்து வைத்த நாளில் நடந்ததற்காக.

நான் ஒரு கிழமையாக அகராதி பார்த்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தீர்த்தம், படி, நேரம், நான் கண்டது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாம். கையெழுத்துக்குச் சாட்சி வைக்க பிளாக்டவுன் நூலகத்துக்குப் போனோம். அங்கே அதற்கென்றே மேசை போட்டு இருக்கிற வயதான அம்மாவுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது நீ தாளை வாங்கி வாசித்தாய்.

"இதிலை ஒண்டு விட்டிட்டியள்" என்றாய்.

"என்ன விட்டனான்?"

நீ கடைசி வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினாய். படியைப் பார்த்த பிறகு மைனஸ் ஆறில் லொறியைப் பத்து நிமிடம் தனியே விட்டேன், ஏறும்போது திரும்பப் பார்க்கவில்லை என்று.

"உனக்கேன் இது? உன்னை விடுவிக்கத்தானே இந்தத் தாள்! கனடாக்காரர் வேலையைப் பறிச்சால் என்ன செய்வாய்?"

"பறிச்சால் பறிக்கட்டும். நடந்தது நடந்தது, அம்மா. பத்து நிமிஷம் என்ர."

"தண்ணி என்ர."

"ஓம். தண்ணி உங்கட. அது நல்லா எழுதியிருக்கிறியள்."

எங்கள் முறை வந்தது. இதெல்லாம் உண்மையா என்று அந்த அம்மா கேட்டா. மூன்று வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஓம் என்றேன். நீ உன் வரிக்குக் கீழே பேரை எழுதினாய். உடைந்து பொருந்திய அந்த மணிக்கட்டு எழுதும்போது கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்புகிறது. இதுவரை நான் பார்க்காமல் தவிர்த்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுதி முடித்து, ஒரு தரம்கூடத் திரும்ப வாசிக்காமல், பேனையை என்னிடம் நீட்டினாய்.

"இப்ப நீங்கள், அம்மா."

உன் பேருக்குக் கீழே கையெழுத்து வைத்த,
அம்மா